மூடி தனி

கப் விலை வேறு, மூடி விலை வேறு என்று
நெய்னா பேப்பர் ஸ்டோர்ஸில் முதல் தடவை சொன்னபோது
சிரித்துவிட்டேன்.
சட்டை வேறு, பொத்தான் வேறா என்றேன்.
"டெய்லரைக் கேளுங்க, வேறதான்" என்றார்
கால்குலேட்டரிலிருந்து தலையெடுக்காமல்.

திருவாரூர் மெடிக்கல் காலேஜுக்கு எதிரே
எட்டடிக் கடை எங்களுடையது.
உட்கார இடமில்லை, எல்லாமே பார்சல்.
கட்டிலில் படுத்திருப்பவருக்கு ரெண்டு இட்லி,
கட்டிலுக்குக் கீழே படுத்திருப்பவருக்கு நாலு.
பாலிதீன் பையில் சாம்பார் ஊற்றி
நூல் சுற்றிக் கொடுத்த காலம்
நகராட்சி அபராத ரசீதோடு முடிந்தது.

கரும்புச் சக்கை கப்பையும் கேட்டேன்.
கரும்பு இங்கே வெட்டுகிறார்கள்,
கப் கோயம்புத்தூரிலிருந்து வருகிறது.
நடுவில் இருக்கும் தூரமெல்லாம்
விலையில் இருந்தது.
திரும்ப அடுக்கில் வைத்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் அமிர்தகடேசன்
கண்ணளவில் ஊற்றுகிற ஆள்.
அழுத முகத்தோடு வந்தால் ஒரு கரண்டி கூட,
அதிகாரமாய்க் கேட்டால் அரைக் கரண்டி குறைய.
ஒன்பதரைக்குச் சட்னி தீர்ந்துவிடும்.
அதற்குப் பிறகு வருகிறவர்கள்தான் எங்கள் கடைமடை.
தலைமடையில் வயல் வழிய வழியப் பாய்ச்சிவிட்டு
கோடியில் வெடித்த மண்ணைக் காட்டும் கதை
எனக்குத் தெரியாததா?
அப்பா வீடு முத்துப்பேட்டைப் பக்கம்.

ஆகவே கப்.
சட்னி ஐம்பது மில்லி, சாம்பார் நூறு.
கரண்டிக்கு மனசு உண்டு. கப்புக்குக் கிடையாது.
அவருக்கு அது பிடிக்கவில்லை.
பிடிக்காமலே ஊற்றுகிறார், கோடு வரைக்கும்.

ஆடி மாதம் வந்த பெட்டியில்
கப் ஒரு கம்பெனி, மூடி வேறு கம்பெனி.
பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள்.
ராத்திரி பதினொரு மணிக்கு
பத்துக் கப்பில் தண்ணீர் பிடித்து
மூடி அழுத்தி, தலைகீழாய்ப் பிடித்தேன்.
மூன்று தாங்கியது.
ஏழு என் புடவையில்.

"விட்டம் பாக்கலியா நீங்க?
இது அறுபத்திரண்டு, அது அறுபத்துமூணரை."
மில்லிமீட்டர் எனக்குப் பழக்கமில்லை.
ஆனால் ரெண்டு நாலுக்கும் ரெண்டு ஆறுக்கும் நடுவே
ஒரு பெண்ணின் மணிக்கட்டு என்ன பாடுபடும் என்று தெரியும்.
வளையல் கணக்கு என்றேன்.
அதேதான் என்றார் நெய்னா.
பிரித்த பெட்டியைத் திருப்பி எடுக்க மாட்டாராம்.

சரியான மூடி வர நாலு நாள்.
அந்த நாலு நாளும்
பேப்பர் வைத்து ரப்பர் போட்டுக் கொடுத்தேன்.
மூன்றாம் நாள் இரவு,
கழுத்தில் அட்டெண்டர் பாஸ் தொங்க ஒருவர்
ஒரே ஒரு ரசம் கேட்டார். பன்னிரண்டு ரூபாய்.
சில்லறையை எண்ணிக்கொண்டே
"மூடி இல்லாம வாங்கினா கொறையுமாம்மா?" என்றார்.

மூடி எண்பது பைசா.
எனக்குத்தான் தெரியும், அவருக்குத் தெரியாது.
பில்லில் அது தனியாய் இருக்கிறது,
பன்னிரண்டு ரூபாய்க்குள் அது கரைந்திருக்கிறது.
நான் பதில் சொல்வதற்குள்
உள்ளங்கையைக் கப்பின் மேல் கவிழ்த்து
ரோட்டைக் கடக்க ஆரம்பித்துவிட்டார்.
நாகப்பட்டினம் பஸ் ஹாரன் அடித்தது.
கை எடுக்கவில்லை.
ரசம் அப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கியது.

காசு கல்லாவிலேயே கிடந்தது.
எண்ணவில்லை.

இப்போதெல்லாம் ஆர்டர் சொல்லும்போது
கப் ஆயிரம் என்றால் மூடி ஆயிரத்து நூறு.
"நூறு எதுக்கு?" என்று நெய்னா கேட்டார்.
உடையும், தொலையும் என்றேன்.
உண்மைக் காரணம் எனக்கும் சரியாகத் தெரியாது.

அளவு தப்பிய மூடிகள் பரணில் இருக்கின்றன,
எழுநூற்றுச் சொச்சம்.
இவற்றுக்குப் பொருந்தும் கப்புகள்
மன்னார்குடியிலோ வேளாங்கண்ணியிலோ
யாரோ ஒருத்தியின் கடையில் இருக்கும்.
அவளும் ராத்திரி
புடவையைப் பிழிந்துகொண்டு நின்றிருப்பாள்.